ஆஃப் நாள் கேப்டன்

ஃபேனை நிறுத்திவிடட்டுமா மேடம்? ஆடி மாதம் உத்தமபாளையத்தில் ஃபேன் போடுகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். மேற்கு மலையைத் தாண்டி வருகிற காற்று அப்படி. போன வருஷம் மாடியில் காயப்போட்ட என் எட்டு முழ வேட்டி பறந்து, சின்னமனூரில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை தலைமேல் இறங்கியது. அவர்கள் அதை நல்ல சகுனம் என்று வைத்துக்கொண்டு வேட்டியைத் திருப்பித் தரவே இல்லை. இதில் வேட்டி பறந்தது மட்டும் உண்மை. பக்கத்துத் தெரு வரை போனது. மிச்சம் நான் சேர்த்தது. எனக்குக் கூடப் பிறந்த வியாதி அது. முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்தில் அந்த வியாதிக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த ரெக்கார்டரை மட்டும் இப்போதைக்கு அணைத்து வையுங்கள். எல்லாவற்றையும் கேளுங்கள். கடைசியில் எது தேவையோ அதைத் திரும்பச் சொல்கிறேன். நான் நடந்துகொண்டே பேசினால் தப்பாக நினைக்காதீர்கள். ரிட்டயர் ஆன நாளிலிருந்து எனக்கு உட்கார வரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நான் நடந்ததை நீட்டிப் போட்டால் காசிக்குப் போய்த் திரும்பி, மறுபடி பாதி தூரம் போயிருப்பேன்.

பஸ் டெப்போவில் நான் டூட்டி கன்ட்ரோலராக இருந்தவன். எந்த வண்டியில் எந்த டிரைவர் ஏறுவது, எந்தக் கண்டக்டர் ஏறுவது என்று முடிவு செய்கிற வேலை. ஒருவன் வராவிட்டால், டூட்டி இல்லாமல் ஆஃபில் வீட்டிலிருக்கிற இன்னொருவனைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். அதற்கு எங்கள் டெப்போவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முகம் பார்த்தால் டூட்டி. ஆஃபில் இருப்பவன் முகத்தைக் கன்ட்ரோலர் பார்த்துவிட்டால் அவன் வண்டியில் ஏறித்தான் ஆகவேண்டும். பார்க்காவிட்டால் அவன் தப்பித்தான். அவன் வீட்டுக்குள் இருப்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் முகத்தைப் பார்த்தால்தான் சட்டம். அதனால் நான் சைக்கிளில் தெருவுக்குள் நுழைந்தால் போதும், நல்ல நல்ல ஆம்பிளைகள் எல்லாம் துண்டை எடுத்து மூஞ்சியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். தங்கபாண்டி என்று ஒரு டிரைவர். குமுளி மலையில் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவான். அவனை ஒரு முறை திராட்சைப் பந்தலுக்கு அடியில் பிடித்தேன். துண்டு போர்த்திக் கட்டையாகப் படுத்திருந்தான். துண்டுக்குள்ளிருந்து பீடிப் புகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் மனைவியிடம் காப்பி வாங்கிக் குடித்தேன். புகை தாங்காமல் அவனே துண்டை எடுத்தான்.

“சரிங்க கன்ட்ரோலரே, பாத்துட்டீக. வாங்க போவோம்” என்றான்.

அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நிற்கிற வண்டி ஒன்றை ஓட வைத்தாயிற்று, படுத்திருந்த ஆள் ஒருவனை எழுப்பியாயிற்று. ரிட்டயர் ஆனதும் என்னிடமிருந்து அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் போனதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

என் மகன் விஜய்பாண்டி உங்கள் கம்பெனி விமானத்தை ஓட்டுகிறவன், அவனைப் பற்றி உங்களுக்கே தெரியும். மருமகள் யுவராணி இங்கே கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அதனால் அவளும் பேத்தி அனுஷ்காவும் எங்களோடு இருக்கிறார்கள். விஜய் சென்னையிலிருந்து பறக்கிறான், ஆஃப் விழுந்தால் மதுரையில் இறங்கி இங்கே வருகிறான். வந்து என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்? தூங்குவான். தோளில் தங்கக் கோடு போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாயம் போன லுங்கியைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துத் தூங்குவான். மகளைப் பக்கத்தில் போட்டுக்கொள்வான். அவள் அவன் வயிற்றின்மேல் ஏறிக் குதித்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

நான் டீக்கடையில் என்ன சொல்லிவைத்திருந்தேன் என்பது வேறு கதை. என் மகன் காலை டிபன் சிங்கப்பூரில், மதியச் சோறு துபாயில் என்று சொல்லியிருந்தேன். அவன் கைவைக்காமல் உங்கள் கம்பெனியில் ஒரு விமானமும் தரையை விட்டு எழும்பாது என்றும் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னவன் வீட்டில் மகன் லுங்கியோடு கிடந்தால் எப்படி இருக்கும்? அந்தத் தங்கபாண்டியே கேட்டான். அவனும் ரிட்டயர் ஆகி அதே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

“என்ன கன்ட்ரோலரே, மகன் மூணு நாளா படுத்துருக்கான். பிளேன்காரவுக வேணாம்னுட்டாகளா?”

“அவன் உடம்புக்கு ரெஸ்ட்டுடா” என்றேன்.

“எங்க உடம்பெல்லாம் அப்ப தகரமா?” என்று கேட்டுவிட்டு அவன் டீயை உறிஞ்சினான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

ஆஃப் நாள் சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே விஜய்தான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் போன் அடித்தது. அவன் பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்தான். யார் என்று கேட்டேன்.

“ஆபீஸ்ல இருந்துப்பா. ஆள் குறைஞ்சா, ஆஃப்ல இருக்கவுகளக் கூப்பிட்டு வாறீகளான்னு கேப்பாக. ஆஃப் அன்னைக்கு எடுக்கணும்னு கட்டாயமில்ல. எடுத்தாலும் முடியாதுன்னு சொல்லலாம். ஆனா சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சது. அது ரெக்கார்டு ஆகுது. அப்புறம் அது என் டூட்டி. போகலேன்னா டூட்டிக்கு மட்டம் போட்ட மாதிரி.”

“சரின்னு சொல்ல வேண்டியதுதானலே.”

“அசதியா இருந்தா முடியாதுன்னு சொல்றதும் எங்க கடமைதாம்ப்பா. பின்னால அத்தன பேரு உக்காந்துருக்காக.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது மேடம். எங்கள் டெப்போ சட்டம்தான் இதுவும், பெரிய இடத்துக்குப் போயிருக்கிறது அவ்வளவுதான். பஸ்ஸுக்கு முகம் என்றால் விமானத்துக்குக் குரல். அவன் சொன்னதில் முதல் பாதி என் மனசில் அப்படியே பதிந்தது. பின்பாதி காற்றோடு போய்விட்டது.

இனி குரல் விஷயம். எனக்கும் அவனுக்கும் ஒரே குரல். அவனுக்கு மீசை முளைத்த வயதிலிருந்து அப்படித்தான். என் சகலை ஒரு முறை போனில் நான்தான் விஜய் என்று நினைத்துக்கொண்டு, என்னைப் பற்றி என்னிடமே அரைமணி நேரம் குறை சொன்னான். நானும் அவனாகவே இருந்து எல்லாவற்றையும் ஆமோதித்தேன். சில நியாயமான குறைகளும் இருந்தன.

முதல் தடவை நடந்தது திட்டம் போட்டு அல்ல. ஒரு மத்தியானம். கஸ்தூரி, அதாவது என் வீட்டுக்காரி, சந்தைக்குப் போயிருந்தாள். மருமகள் கல்லூரியில். விஜய் உள் அறையில் தூங்கினான். கூடத்தில் பிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்த அவன் போன் அடித்தது. மகன் தூங்குகிறான் என்று சொல்லத்தான் எடுத்தேன். நான் ஹலோ என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெண், “குட் ஆஃப்டர்நூன், கேப்டன்” என்றாள். பன்னீர் தெளித்த மாதிரி ஒரு குரல். ஜாய்ஸ் என்று பெயர் சொன்னாள். நீங்களும் அவளைப் பார்த்திருப்பீர்கள், உங்கள் ஆபீஸ்தானே.

அப்போதே அப்பா பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் “குட் ஆஃப்டர்நூன்” என்றேன். ஏன் என்று கேட்டால், அவள் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். மரியாதைதானே. மறுநாள் ஒரு டிரிப்புக்கு ஆள் இல்லை, உங்களால் வர முடியுமா என்று கேட்டாள். ஆபீஸ் இங்கிலீஷ் எனக்கு நன்றாகவே வரும். முடியும் என்றேன். பதிவாகிறது, உறுதிதானே என்றாள். சரி என்றேன். “தேங்க் யூ, கேப்டன்” என்று வைத்தாள். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சட்டை போடாத மார்பில் முழு நரை. ஆனால் நான் நின்ற நிலையே வேறு.

அவன் எழுந்ததும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் அவன் போனில் டூட்டி விழுந்திருப்பதைப் பார்த்து ஆபீஸுக்குப் பேசினான். அவர்கள் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து சிரித்தான்.

“தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சு வந்து நானே பேசிருக்கேம்ப்பா. எனக்கு ஞாபகமே இல்ல.”

அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சந்தோஷமாக இருக்கிறான். அதை நான் ஏன் கெடுக்கவேண்டும்? இருக்கும்யா என்றேன்.

மறுநாள் கார் வந்தது. வெள்ளைச் சட்டை, தொப்பி, உருளுகிற பெட்டி. நான் பெட்டியை வாங்கி டீக்கடைப் பக்கமாகச் சுற்றி எடுத்துப்போனேன். விமானம் ஓடுபாதையில் நிற்கிறது, இவன் போனால்தான் கிளம்புமாம், முந்நூறு பேர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். தங்கபாண்டி எழுந்து நின்றான். மேடம், அவன் எழுந்து நின்றான்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விஜய் ஆஃபில் வந்து படுத்தான் என்றால் என் காது பிரிட்ஜ் மேலேயே இருக்கும். காற்றில் கதவு அடித்தால் போன் என்று ஓடுவேன். எல்லா அழைப்பையும் நான் எடுத்துவிடவில்லை. பாதி நேரம் வீட்டில் யாராவது இருப்பார்கள். இருந்தாலும் அவனுடைய ஆஃபில் பாதியை நான் டூட்டியாக மாற்றினேன் என்று சொன்னால் அதில் மிகை இல்லை. மிகை இல்லாமல் நான் சொல்கிற சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

விஜய்க்குச் சிரிப்பு நின்றது. போனைத் துணிக்குள் சுற்றிப் பீரோவில் வைத்துப் பார்த்தான். அரிசி டிரம்முக்குள் போட்டுப் பார்த்தான். அடிக்கிற சத்தம் எனக்கு எங்கிருந்தாலும் கேட்கும். கடைசியில் ஒரு நாள் என்னிடமே கொண்டுவந்து கொடுத்தான்.

“நீங்க வச்சுக்கங்கப்பா. நான் தூக்கத்துல வந்து கேட்டாலும் குடுக்காதீக.”

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். போன் என் சட்டைப்பையில். அது அடிக்கிறது. ஜாய்ஸ் கேப்டன் என்கிறாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சாயந்திரம் அவன் எழுந்து வந்து, போன் உங்ககிட்டதானே இருந்தது, எப்படி என்று கேட்கிறான். நான் என்ன சொல்ல முடியும்?

“நீயேதான்யா வந்து வாங்குன. குடுக்கமாட்டேன்னேன். பிடுங்கிட்டுப் போன. கண்ணு ரெண்டும் தெறந்துதான் இருந்துச்சு” என்றேன்.

அவன் முகம் எப்படி ஆனது என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு விழுந்த டூட்டி எந்த நாளுக்கு, தெரியுமா? மறுநாள் வீரபாண்டி கோயிலில் அனுஷ்காவுக்குக் காதுகுத்து. அதற்காகவே அவன் ஆஃப் கேட்டு வாங்கி வந்திருந்தான். எனக்கும் அது ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் சரி என்றேன் என்று கூடச் சொல்லலாம். எங்கள் சொந்தம் அத்தனையும் தேனியிலிருந்தும் ஜெயமங்கலத்திலிருந்தும் தேவதானப்பட்டியிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும். அத்தனை பேருக்கு முன்னால் அவன் அந்தச் சட்டையோடு காரில் ஏறிப் போவதை நினைத்துப் பாருங்கள். வேறு எந்த நாளில் அப்படி ஒரு கூட்டம் கிடைக்கும்?

நினைத்ததைவிட நன்றாக நடந்தது. காலைப் பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். குழந்தைக்கு இன்னும் காது குத்தவில்லை, அவள் அதற்கு முன்பே அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். யுவராணி வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

“போகலேன்னு சொல்லக்கூடாதா?” என்று அவள் மெல்லக் கேட்டாள்.

“நானே சரின்னு சொல்லிருக்கேன் ராணி. என் குரல் பதிஞ்சிருக்கு” என்றான்.

வார்த்தைக்குக் கட்டுப்பட்டவன். அப்படி வளர்த்தது நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

அதன் பிறகு அவன் தனியாகப் படுக்க ஆரம்பித்தான். தூக்கத்தில் போன் பேசுகிறவன் குழந்தையை என்ன செய்வானோ என்று அவனுக்கு அவன்மேலேயே பயம். அறையை வெளியிலிருந்து பூட்டச் சொன்னான். யாரிடம் சாவி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அவன் எப்போது தானாகப் போய்ச் சொன்னான் என்பது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. ஒரு நாள் இறங்குகிற நேரத்தில் பக்கத்து சீட்டு கோ-பைலட் பையனிடம், நான் ஏர்போர்ட் டவருக்குப் பதில் சொன்னேனா என்று கேட்டானாம். சொன்னீர்கள் என்று அவன் சொல்ல, மறுபடி அதையே கேட்டானாம். நல்லபடியாகத்தான் இறக்கினான். பிரயாணிகள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் நேராக உங்கள் டாக்டரிடம் போய், நான் செய்வது எனக்கே தெரியவில்லை, என்னை ஓட்ட விடாதீர்கள் என்றான். அன்றைக்கே நிறுத்திவிட்டீர்கள்.

டாக்டர் என்னிடமும் போனில் பேசினார். சின்ன வயதில் பையன் தூக்கத்தில் நடந்திருக்கிறானா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் கதை கேட்கிறவர் கிடைத்தால் எனக்கு நாக்கு நிற்காது. எட்டு வயதில் எழுந்து முல்லையாற்றுப் பாலம் வரை நடந்துபோய், கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டு, திரும்பி வந்து கதவைத் தாழிட்டுப் படுத்தான் என்றேன். அவன் தாத்தாவும் அப்படித்தான், தூக்கத்திலேயே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார் என்றேன். டாக்டர் உச்சுக்கொட்டிக்கொண்டே எழுதினார். நன்றாக வந்த கதை அது. அதிலிருந்து எதையும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நேற்று நீங்கள் வந்தது நல்லதுக்குத்தான். டாக்டர் எடுத்த தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அதனால் அந்தப் பதிவுகளை வீட்டார் முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றீர்கள். கூடத்தில் விஜய் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். யுவராணி பக்கத்தில். ஸ்பீக்கரில் போட்டீர்கள். என் குரல் வந்தது. விஜய் தலையாட்டி, நான்தான் என்றான். நானும் அவன்தான் என்றேன். அப்போது சமையலறையிலிருந்து கஸ்தூரி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, யாரு கூட இங்கிலீசு பேசுறீக? காப்பிக்குச் சீனி போடவா வேணாமா?”

அவளுக்கு விசாரணை, பதிவு ஒன்றும் தெரியாது. நாற்பது வருஷமாகக் கேட்கிற குரலைக் கேட்டாள், கேட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். நீங்கள் பதிவை நிறுத்தினீர்கள். மாடிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. யுவராணி எழுந்து, “மாமா” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். கஸ்தூரி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “ஆத்தா, நான் எதும் தப்பாக் கேட்டுட்டேனா?” என்று மருமகளைக் கேட்டாள்.

நீங்கள் போன பிறகு விஜய் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். கோபமெல்லாம் இல்லை.

“குரல் உங்களுதுதாம்ப்பா. சரி. ஆனா நான் தூக்கத்துல எந்திரிச்சு வந்து போனப் பிடுங்குனேன்னு சொன்னீகளே. அது நடந்துச்சா இல்லையா?”

“நடந்துச்சுய்யா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரே நாளில் ஒருவன் எத்தனையை ஒத்துக்கொள்வான்? எனக்கும் வயதாகிறது. அவனும் நான் சொன்னதை நம்பினான். இன்னும் நம்புகிறான். இன்று காலையிலும் வெளியிலிருந்து பூட்டச் சொன்னான்.

உங்களிடம் சொல்கிறேன். அவன் வரவில்லை. ஒருநாளும் எழுந்து வரவில்லை. போனைக் கேட்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. பாலத்துக்கும் போனதில்லை. எட்டு வயதில் அவனை இடியே எழுப்பாது. படுத்தால் படுத்த இடத்தில் விடியும் பிள்ளை.

நாங்கள் இப்போது சமாதானமாகத்தான் இருக்கிறோம். கொஞ்ச நேரத்துக்கு முன் காப்பி கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன். நான் நுழைந்ததும் அவன் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். தங்கபாண்டி கதையை அவனுக்குச் சின்ன வயதில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அதை வைத்து என்னிடம் விளையாடுகிறான். கோபம் இருந்தால் விளையாடுவானா? நானும் அன்றைக்கு மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன காப்பியை நானே குடித்தேன். அவன் துண்டை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

ரெக்கார்டரைப் போடலாம் என்கிறீர்கள். அவன் எழுந்து வரவில்லை என்ற அந்த ஒரு வரி பதிவில் இருந்தால் போதும், அவன் மறுபடி ஓட்டுவதற்கு வழி பிறக்கும் என்கிறீர்கள். அது இல்லாவிட்டால் டாக்டர் எழுதியதே நிற்கும் என்கிறீர்கள். புரிகிறது. சொல்லாமல் இருப்பேனா? அவனுக்காக நான் எதைத்தான் செய்யவில்லை?

ஒரு சின்ன விஷயம் மட்டும். அது ஓட ஆரம்பித்ததும், அந்தப் பிள்ளை ஜாய்ஸ் சொல்வாளே, அதே மாதிரி முதலில் எனக்கு ஒரு குட் ஆஃப்டர்நூன் சொல்லுங்கள். பெயர்கூட வேண்டாம். கேப்டன் என்றால் போதும். உடனே சரி என்று சொல்லிவிடுகிறேன்.